கூட்டுப் பாதுகாப்புச் செலவை யார் எவ்வளவு சுமப்பது? நாடுகளின் கணக்கும் நம் கடற்கரைச் சங்கங்களின் கணக்கும்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் படகுச் சங்கங்களில் கொஞ்ச காலமாக ஒரே பேச்சு. தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம், வடக்கே தேவிபட்டினம், தொண்டி என்று மற்ற ஊர்களிலும் அதே பேச்சுதான். படகு பிடிபட்டால் வழக்குச் செலவு, சிறையில் இருப்பவர் வீட்டுக்கு அரிசி பருப்பு, புயலில் காணாமல் போனவரைத் தேடப் போகும் படகுகளுக்கு டீசல் என ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராகத் தனி வசூல் போட்டு எல்லோரும் சலித்துப்போயிருக்கிறார்கள். ஊர்கள் சேர்ந்து ஒரு பொது நிதி வைக்கலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பங்கு பிரிக்க உட்கார்ந்தால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. "எங்க வத்தைக்கும் அவுக விசைப்படகுக்கும் ஒரே காசா?" என்று சிறு நாட்டுப்படகான வத்தை வைத்திருக்கும் ஒருவர் எழுகிறார். "பாதுகாப்பு எல்லாருக்கும், கட்டுறது மட்டும் நாங்களா?" என்று இன்னொருவர் எழுகிறார். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான்.

இதே வழக்கை நாடுகள் ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாகப் பேசி வருகின்றன. ராணுவக் கூட்டணிகள் செலவைப் பங்கு பிரிக்க எல்லா வழியையும் போட்டுப் பார்த்திருக்கின்றன, எந்த வழியில் என்ன கெட்டது என்பதும் பதிவாகியிருக்கிறது. இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை என்பதால், எந்தப் பக்கமும் சாயாமல் அந்த வழிகளை நம்மால் எடைபோட முடியும். அப்படி எடைபோட்டு, நம் நிதிக்கு எது பொருந்தும் என்று என் கருத்தையும் கடைசியில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், தாங்கும் சக்தி. கொடுக்க முடியாதவரிடம் கேட்டால் அவர் ஆறு மாதம் கட்டுவார், பிறகு கூட்டத்துக்கே வரமாட்டார்.

இரண்டாவது, ஆபத்து யார் வாசலில் நிற்கிறது என்பது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவில் ரஷ்யாவையும் பெலாரசையும் ஒட்டியிருக்கும் போலந்து 2024இல் தன் பொருளாதாரத்தில் 4 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவிட்டது. ஐரோப்பாவின் மறுகோடியில் இருக்கும் ஸ்பெயின் 1.5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நம் கரையிலும் அப்படித்தான். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கைது பயம் அதிகம். தென்கடலில் வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் தொழில் செய்பவருக்கு அந்தப் பயம் குறைவு, காற்றும் சீற்றமும்தான் கவலை. வழக்குச் செலவை மட்டும் முன்னால் வைத்து நிதி கேட்டால் தென்கடல்காரர் பின்வாங்குவார், அதில் தப்பில்லை.

மூன்றாவது, கணக்கை யாரும் சரிபார்க்க முடியுமா. நான்காவது, அவசரம் வரும்போது காசு கைக்கு வருமா, வாக்குறுதியாகவே நிற்குமா.

ஐந்தாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். ஒரு முறையில் பத்து ஆண்டு பணம் கட்டிய பிறகு யாருடைய சொல் கூடியிருக்கும், யாருடைய சொல் தேய்ந்திருக்கும்? செலவைப் பிரிக்கும் முறை காலப்போக்கில் அதிகாரத்தையும் பிரித்துவிடுகிறது.

## வழி 1: எல்லோருக்கும் சமம்

கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது மாதிரி. யாரும் புரிந்துகொள்வார்கள், ஏமாற்ற வழியில்லை. ஆனால் பெரிய கூட்டணி எதுவும் இந்த வழியில் ஓடவில்லை. நேட்டோவின் 32 நாடுகளில் ஐஸ்லாந்தும் இருக்கிறது. 4 லட்சம் பேர்கூட இல்லாத நாடு, சொந்த ராணுவமே கிடையாது. அமெரிக்காவும் அதுவும் சமமாகக் கட்டுவதென்றால், ஐஸ்லாந்து எவ்வளவு தாங்குமோ அந்த அளவில்தான் நிதி நிற்கும். சமப் பங்கின் மறைமுகச் செலவு இதுதான். மிக எளியவரின் கையிருப்புதான் எல்லோருக்கும் உச்சவரம்பாகிவிடும்.

அதே கூட்டணியில் வேறொன்று சமமாக இருக்கிறது. நேட்டோவில் வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஐஸ்லாந்து வேண்டாமென்றால் தீர்மானம் நிற்கும். காசில் ஏற்றத்தாழ்வும் சொல்லில் சமமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இது நடைமுறைச் சாட்சி. நம் நிதியில் சமப் பங்கு நுழைவுக் கட்டணத்துக்குப் போதும். ஒரே ஊர், ஒரே வகைப் படகு என்றால் முழு நிதிக்கும் போதும்.

## வழி 2: சக்திக்கு ஏற்ற சூத்திரம்

நேட்டோவின் பொதுப் பெட்டி இப்படித்தான் நிரம்புகிறது. தலைமையகச் சம்பளம், கூட்டுக் கட்டளை மையங்கள், ஓடுதளம், எரிபொருள் குழாய் போன்றவற்றுக்கான பணம் ஒவ்வொரு நாட்டின் தேசிய வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முன்பு அமெரிக்கா 22 சதவீதத்துக்கு மேல் கட்டியது. அது கூடுதல் என்று வாதாடி, 2019இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2021இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சுமார் 16 சதவீதம் எனச் சமமாக நின்றன. பிரிட்டன் 11 சதவீதத்தை ஒட்டி, பிரான்ஸ் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தன. வருமானத்தை மட்டும் பார்த்தால் அமெரிக்கா ஜெர்மனியைவிடப் பல மடங்கு கட்ட வேண்டும். ஆனாலும் ஒரு நாடே பெட்டியைச் சுமப்பது யாருக்கும் நல்லதில்லை என்பதால், சூத்திரத்தின் மேல் பேச்சுவார்த்தையில் ஒரு வரம்பு வைக்கப்பட்டது.

இந்தப் பெட்டி எவ்வளவு சிறியது என்பது பலருக்குத் தெரியாது. 2024இல் சுமார் 380 கோடி யூரோ. கூட்டணி நாடுகள் மொத்தமாகப் பாதுகாப்புக்குச் செலவிடும் தொகையில் இது 0.3 சதவீதம் அளவே. இதற்குக் காரணம் ஒரு விதி. ஒரு நாடு தன் சொந்தக் காசில் செய்துகொள்ள வேண்டியதைப் பொதுப் பெட்டியிலிருந்து செய்ய முடியாது, அதற்கு மேற்பட்டதைத்தான் செய்யலாம். இந்த விதியை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளலாம். கடலில் மீட்பது அரசின் கடமை. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093 என்று இலவச எண்களே இருக்கின்றன. அவர்கள் செய்ய வேண்டியதை நம் நிதி செய்யத் தொடங்கினால் நிதியும் வற்றும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதையும் மறந்துவிடுவோம்.

நம் கரைக்குச் சூத்திரம் எப்படி அமையும்? ஒரு பேச்சுக்கு மூன்று ஊர், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். விசைப்படகுக்கு 10 புள்ளி, பைபர் வள்ளத்துக்கு 2, வத்தைக்கு 1.

| முறை | விசைப்படகு ஊர் (60 படகு) | பைபர் வள்ளம் ஊர் (120) | வத்தை ஊர் (120) |
|---|---|---|---|
| ஊருக்குச் சமம் | 4,00,000 | 4,00,000 | 4,00,000 |
| படகுக்குச் சமம் | 2,40,000 | 4,80,000 | 4,80,000 |
| சக்திப் புள்ளி | 7,50,000 | 3,00,000 | 1,50,000 |

படகுக்குச் சமம் என்ற இரண்டாவது வரிசையைப் பாருங்கள். கேட்க நியாயமாக இருக்கும், விளைவு தலைகீழ். வத்தைக்காரர் ஊர் விசைப்படகு ஊரைப்போல் இரண்டு மடங்கு கட்டுகிறது. மூன்றாவது வரிசையில் விசைப்படகு ஒன்றுக்கு 12,500, வள்ளத்துக்கு 2,500, வத்தைக்கு 1,250 ரூபாய் வரும். தாங்கும் சக்திக்கு இதுதான் பொருந்துகிறது.

மறைமுகச் செலவு இரண்டு. எதை அளப்பது என்ற சண்டை முதலாவது. பிடிபாட்டை வைத்து அளக்கவே கூடாது, ஏலத்தில் போன விலையை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. எஞ்சின் குதிரைத்திறனும் படகின் நீளமும் பதிவுச் சான்றிலேயே இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். நாடுகள் தேசிய வருமானத்தை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் அதுவே, ஏற்கெனவே வெளியாகும் எண். இரண்டாவது, பெரிய பங்குக்காரரின் பிடி. மேலே உள்ள கணக்கில் விசைப்படகு ஊர் 62.5 சதவீதம் கட்டுகிறது. அப்படிக் கட்டும் ஊர் நாளைக்கு "வக்கீல் யாருன்னு நாங்கதான் சொல்வோம்" என்னும். எந்த ஊரும் பாதிக்கு மேல் கட்டக்கூடாது என்று வரம்பு வைப்பது அந்த ஊருக்குச் செய்யும் சலுகை மட்டுமில்லை, மற்ற ஊர்களுக்கும் அதுதான் காப்பு.

## வழி 3: அவரவர் வீட்டுக்கு அவரவர் செலவு, அளவு மட்டும் பொது

செய்தியில் அடிக்கடி வரும் "2 சதவீதம்" இந்த வகை. இதை நேட்டோவுக்குக் கட்டும் சந்தா என்று நம் தொலைக்காட்சி விவாதங்களில்கூடத் தவறாகப் பேசுகிறார்கள். ஒரு நாடு தன் பொருளாதாரத்தில் 2 சதவீதமாவது தன் சொந்த ராணுவத்துக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பணம் எந்தப் பெட்டிக்கும் போவதில்லை, பாக்கி என்று ஒன்று சேர்வதும் இல்லை. 2014இல் வேல்ஸ் மாநாட்டில் பத்து ஆண்டு கெடு வைத்து உறுதியெடுத்தபோது அந்த அளவை எட்டியிருந்தவை மூன்று நாடுகள்தான். 2024இல் இருபதை ஒட்டிய நாடுகள் எட்டிவிட்டன. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் இலக்கு 2035க்குள் 5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதில் 3.5 நேரடி ராணுவச் செலவு, 1.5 சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவை.

பதினைந்து இருபது நாடுகள் தங்கள் செலவைக் கூட்டியதற்கு மாநாட்டு உறுதிமொழி மட்டும் காரணமில்லை. 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது, 2022இல் உக்ரைன்மீது படையெடுத்தது என்ற பயம் துரத்தியது. பயம் இல்லாத காலத்தில் இந்த முறை எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 2 சதவீதம் என்ற பேச்சு 2006லேயே இருந்தது.

இதன் மறைமுகச் செலவு, எண்ணே குறிக்கோள் ஆகிவிடுவது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் ஓய்வூதியமும் நேட்டோ கணக்கில் பாதுகாப்புச் செலவுதான். ஓய்வூதியம் கூடினால் சதவீதம் கூடும், படை கூடாது. டென்மார்க் இதற்கு நேர் எதிர். ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் அது 2 சதவீதத்துக்கு வெகு கீழே செலவிட்டது. ஆனால் சண்டை மிகக் கடுமையாக இருந்த ஹெல்மண்ட் மாகாணத்துக்குப் படை அனுப்பி, 43 வீரர்களை இழந்தது. மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் கூட்டணியிலேயே மிக அதிக இழப்புக் கண்ட நாடுகளில் அது ஒன்று. சதவீதப் பட்டியலில் டென்மார்க் கடன்காரன் மாதிரித் தெரிந்தது. அந்த வீரர்களின் வீடுகளில் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

நம் கரைக்கு இந்த வழியின் சாரம் மிகவும் வேண்டியது. ஒரு படகில் வயர்லெஸ் செட் வேலை செய்யவில்லை, உயிர்காப்புச் சட்டை இல்லை, எஞ்சினைச் சீசனுக்கு முன் பார்க்கவில்லை என்றால் அந்த அலட்சியத்தின் செலவு மற்ற படகுகளின் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவரவர் படகுக்கு அவரவர் செய்யும் செலவும் பொது நிதிக்குக் கட்டும் பங்குதான். ஆனால் சதவீதமாக வைக்காதீர்கள், பட்டியலாக வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பராமரிப்பு நடக்கும்போது, வேறு ஊர்ச் சங்கத்து ஆள் ஒருவர் வந்து பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நாட்டுப்படகுக்கு அதே மாதங்களில் ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம்.

## வழி 4: இடம் கொடுப்பவரே செலவும் கொடுப்பது

ஜப்பானும் தென்கொரியாவும் தங்கள் மண்ணில் இருக்கும் அமெரிக்கப் படைக்குச் செலவில் பங்கு தருகின்றன. ஜப்பான் 1978 முதல் தருகிறது. 2022இலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 21,000 கோடி யென் என்பது ஒப்பந்தம். தென்கொரியா 1991 முதல் தருகிறது, 2026க்கு ஒத்துக்கொண்ட தொகை சுமார் 1.52 லட்சம் கோடி வோன்.

இங்கே சுமை பணத்தில் மட்டும் இல்லை. ஜப்பானின் மொத்த நிலப்பரப்பில் ஓகினாவா 0.6 சதவீதம். அமெரிக்கப் படை மட்டும் பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. காசு டோக்கியோ கொடுக்கிறது, விமானச் சத்தத்தையும் நிலத்தை இழந்ததையும் ஓகினாவாக்காரர் சுமக்கிறார். தேசியக் கணக்கில் இந்தச் சுமைக்கு வரிசையே கிடையாது.

கொரியாவில் வேறொரு பாடம். 2019 ஒப்பந்தம் முடிந்தபின் புதியதற்குத் தொகை ஒத்துவராமல் பேச்சு இழுத்தது. 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கத் தளங்களில் வேலை பார்த்த சுமார் 4,000 கொரியத் தொழிலாளர் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். இரண்டு அரசுகளின் இழுபறிக்குத் தளத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. நாம் எந்த ஒப்பந்தம் போட்டாலும் ஒரு வரி எழுதிவிட வேண்டும்: புதியது கையெழுத்தாகும்வரை பழைய தொகை தொடரும்.

இறங்குதளமோ நிதி அலுவலகமோ இருக்கும் ஊர் கூடக் கட்ட வேண்டுமா, குறையக் கட்ட வேண்டுமா என்பது நம் கூட்டங்களிலும் வரும். வசதி பக்கத்தில் இருப்பது அந்த ஊருக்கு லாபம். இரவெல்லாம் வந்துபோகும் வண்டியும் சத்தமும் கழிவும் நட்டம். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டு, அந்த ஊருக்கும் மற்ற ஊர்களின் அதே சூத்திரத்தைப் போடுவதுதான் சண்டையில்லாத வழி என்று எனக்குப் படுகிறது.

## வழி 5: படகுக்குப் பதில் பணம்

இதைத்தான் நான் அதிகம் எச்சரிப்பேன்.

கி.மு. 478இல் பாரசீகரை எதிர்க்க ஏதென்ஸ் தலைமையில் ஈஜியன் கடல் தீவுகளும் துறைமுக நகரங்களும் ஒரு கூட்டணி அமைத்தன. பெட்டி டீலோஸ் என்ற பொதுத் தீவில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு நகரமும் கப்பல் தரலாம் அல்லது பணம் தரலாம். யாருக்கு எவ்வளவு என்று நிர்ணயித்த அரிஸ்டைடீஸ் நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர், அவர் போட்ட பங்கை எல்லோரும் ஏற்றார்கள். முதல் நிர்ணயம் 460 தாலந்து (அக்கால வெள்ளி எடைக் கணக்கு). தொடக்கம் இவ்வளவு நியாயமாக இருந்தது.

ஆண்டுகள் போகப் போக, வெளியூர்ப் படையெடுப்பில் ஆள் அனுப்ப அலுத்த சிறு நகரங்கள் கப்பலை விட்டுவிட்டுப் பணத்துக்கு மாறின. அந்தப் பணத்தில் ஏதென்ஸ் கப்பல் கட்டியது. அதன் ஆட்கள் துடுப்புப் பிடித்துப் பழகினார்கள், பணம் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் கடற்போர் மறந்துபோயிற்று. விலக விரும்பிய நக்சோஸ் தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டு அடக்கியபோது எதிர்க்க மற்றவர்களிடம் கப்பல் இல்லை. கி.மு. 454இல் பெட்டியே டீலோசிலிருந்து ஏதென்சுக்குப் போய்விட்டது. கூட்டாளிகளாக இருந்தவர்கள் கப்பம் கட்டுபவர்களானார்கள். கடைசிவரை கப்பலை விடாமல் வைத்திருந்த லெஸ்பாஸ், கியாஸ் போன்ற தீவுகளுக்குத்தான் கொஞ்சம் மரியாதை மிஞ்சியது.

1990-91 வளைகுடாப் போரில் இதே கதை வேறு உருவில் வந்தது. அந்தப் போருக்கு ஆன சுமார் 6,100 கோடி டாலரில் 5,400 கோடிக்கு மற்ற நாடுகள் பொறுப்பேற்றன. சவூதி அரேபியாவும் குவைத்தும் பெரும்பங்கு கொடுத்தன. ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது, சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை. போர் முடிந்து குவைத் அரசு அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி சொல்லி வெளியிட்ட நாடுகளின் பட்டியலில் ஜப்பான் பெயரே இல்லை. அந்தப் புண் ஜப்பானில் பல ஆண்டு ஆறவில்லை. அடுத்த ஆண்டே அமைதிப்படைக்கு ஆள் அனுப்ப வழி செய்யும் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நம் கரையில் இது எங்கே வரும்? கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி வட்டாரத்தில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் நல்ல மனதோடு காசு அனுப்புவார்கள். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊர் "எங்களால் ஆள் வர முடியாது, காசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று தொடர்ந்து சொல்ல ஆரம்பித்தால், பத்து ஆண்டில் அந்த ஊருக்குத் தேடப் போகத் தெரிந்த ஆளும் இருக்காது, கூட்டத்தில் எழுந்து பேசும் தைரியமும் இருக்காது. அவசரத்தில் கை கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். காசு கொடுத்து ஆள் பங்கைத் தீர்க்கலாம் என்றால் ஓர் ஆண்டுக்கு மட்டும், அதுவும் காரணம் எழுதித் தரும் ஊருக்கு மட்டும் என்று வையுங்கள்.

## வழி 6: தேவைக்கு நேரம் வாங்குவது

ஹங்கேரியின் பாப்பா விமானத் தளத்தில் மூன்று சி-17 சரக்கு விமானங்கள் நிற்கின்றன. தனியாக ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகாத பதினொரு நாடுகளும் அமெரிக்காவும் சேர்ந்து வைத்திருப்பவை. ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு இத்தனை பறக்கும் மணி என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது, அந்த விகிதத்தில் செலவு ஏறுகிறது. பயனும் செலவும் நேராகப் பொருந்துவது இந்த ஒரு முறையில்தான். வழக்கறிஞர் ஏற்பாட்டுக்கு இது நன்றாக வரும். வடகடல் ஊர்கள் அதிகம் வாங்கட்டும், தென்கடல் ஊர்கள் பெயருக்குக் கொஞ்சம் வாங்கினால் போதும். இதில் உள்ள இடர், எல்லோருக்கும் ஒரே நாளில் தேவை வருவது. புயல் வந்தால் எல்லா ஊருக்கும் ஒரே இரவில்தான் படகு வேண்டும். ஆகவே மீட்புக்கு இது உதவாது.

## வழி 7: போனவர் செலவு போனவருக்கே

கூட்டணிகளின் அடிப்படை வழக்கம் இது. எந்த நாட்டுப் படை போகிறதோ அந்த நாடே அதன் செலவை ஏற்கும். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றுக்கும் சொந்தப் போர் விமானம் இல்லை. 2004 முதல் மற்ற நாடுகள் முறை வைத்து விமானம் அனுப்பி அவர்கள் வானைக் காக்கின்றன. அனுப்பும் நாடு விமானச் செலவை ஏற்கிறது, வந்த இடத்தில் தளமும் உதவியும் அவர்கள் தருகிறார்கள். முறை வைத்து நடப்பதால் யாருக்கும் பெரிய பாரமில்லை.

முறை இல்லாமல் இதே வழி நடந்தால் என்ன ஆகும் என்பதை நம் கடலில் பார்க்கலாம். அரிச்சல்முனைக்கு வடக்கே நள்ளிரவில் ஒரு படகின் எஞ்சின் நின்றுவிடுகிறது. நீரோட்டம் எல்லைப் பக்கம் இழுக்கிறது. வயர்லெஸ்ஸில் சத்தம் கேட்டு அருகில் இருந்த படகு வருகிறது. அதற்காக அது பாதியில் தன் வலையை ஏற்ற வேண்டும். கயிறு கட்டி, இரண்டு படகு எடையை ஒரு எஞ்சின் இழுத்து, விடிந்து வெயில் ஏறிய பிறகு கரைக்கு வருகிறார்கள். காப்பாற்றப்பட்ட படகின் சம்மாட்டி, அதாவது உரிமையாளர், கண் கலங்க நன்றி சொல்லி, எரிந்த டீசலுக்கு இரண்டு கேன் ஊற்றிக் கொடுக்கிறார். வந்தவருக்கு டீசல் கிடைத்தது. அந்த நாள் பாடு, அதாவது மீன்பிடி வருமானம்? ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். அதில் ஒரு நாள் போய்விட்டது. படகில் இருந்த கூலி ஆட்களுக்கு அன்றைக்குப் பங்கு இல்லை, அவர்கள் யாரிடமும் கேட்கவும் மாட்டார்கள். உதவியவருக்கே தண்டனை விழும் ஏற்பாடு இது. மனிதர்கள் நல்லவர்கள் என்பதால் மட்டும் இன்றுவரை ஓடுகிறது.

1966இல் மான்கர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கூட்டணிகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பொதுவான பாதுகாப்பில் பெரியவர் தன் பங்குக்கு மேல் சுமப்பார், சிறியவர் குறைவாகச் சுமப்பார். யாரும் கெட்டவர் என்பதால் இல்லை. பெரியவருக்கு எப்படியும் அது தேவை, அவர் செய்துவிட்டால் சிறியவருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய்ப் படகு பிடிபட்டவர் ஊர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வக்கீல் வைப்பார். அதே வக்கீல் வத்தைக்காரருக்கும் வாதாடுவார். இதைத் தெரிந்துகொண்டால் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் திட்டுவது பாதி குறையும்.

## எந்தச் செலவுக்கு எந்த வழி

ஒரே முறையை எல்லாவற்றுக்கும் போடுவதுதான் பேச்சு முறிவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எந்தக் கூட்டணியும் ஒரே முறையில் ஓடவில்லை.

பொதுப் பெட்டி சிறியதாக இருக்கட்டும், சக்திப் புள்ளியில் நிரம்பட்டும், பாதி என்ற வரம்போடு. அதிலிருந்து முதலில் கொடுக்க வேண்டியது மேலே சொன்ன இழப்புக்கு: தேடப் போன படகின் டீசலும், அந்த நாள் பாடு போன ஆட்களின் பங்கும். வழக்கை விட இதை முன்னால் வைக்கச் சொல்கிறேன். வடகடல், தென்கடல், விசைப்படகு, வத்தை என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆபத்து இதுதான், நம்பிக்கை இங்கிருந்துதான் வளரும். வழக்குச் செலவு தனிக் கணக்கு, நேரம் வாங்கும் முறையில். சிறைப்பட்டவர் வீட்டுச் செலவுக்கு அரசு தரும் உதவிக்கு மேல் தேவைப்படும் பகுதியை மட்டும் பெட்டி ஏற்கலாம். படகுப் பராமரிப்பு பட்டியல் முறையில், கையெழுத்து இல்லாத படகுக்கு இழப்பீடு கிடையாது. முடிவெடுப்பதில் ஊருக்கு ஒரு சொல், கட்டும் தொகை எதுவானாலும்.

விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வலை அறுந்த தகராறு தீராத ஊர்கள் இருக்கின்றன. அங்கே முழு நிதிக்கு அவசரப்பட வேண்டாம், தேடுதல் செலவை மட்டும் வைத்துத் தொடங்கினால் போதும். சூத்திரத்தைக் கொண்டு அந்தத் தகராறைத் தீர்க்க முடியாது.

இன்னும் ஒன்றை முதல் நாளே எழுதிவிடுங்கள். விலகும் வழி. நேட்டோ ஒப்பந்தத்தின் 13ஆவது பிரிவின்படி ஒரு நாடு அறிவித்து ஓராண்டில் விலகலாம். 1966இல் பிரான்ஸ் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே கூட்டுப் படைத்தலைமையிலிருந்து மட்டும் விலகியது. அடுத்த ஆண்டு தலைமையகம் பாரிசிலிருந்து பிரஸ்ஸல்சுக்கு மாற வேண்டியதாயிற்று, தளங்களைக் காலி செய்யும் செலவு பெரிது. ஆனாலும் கூட்டணி உடையவில்லை, 2009இல் பிரான்ஸ் திரும்பி வந்தது. நக்சோசுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. நம் ஒப்பந்தத்தில் ஓராண்டு முன்னறிவிப்பு போதும். கட்டிய பணம் திரும்பாது, ஆனால் விலகும் நாளில் நடப்பில் இருக்கும் வழக்கை நிதி முடித்துக் கொடுக்கும். அலுவலகம், வயர்லெஸ் நிலையம், படகு எதுவும் எந்த ஊர்ச் சங்கத்தின் பெயரிலும் இருக்கக்கூடாது. பதிவு செய்த பொதுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் மூன்று ஊர்க் கையெழுத்து வேண்டும், ஆண்டுக் கணக்கைத் தடைக்காலம் முடிவதற்குள் எல்லா ஊர் மன்றத்திலும் படித்துக் காட்ட வேண்டும்.